பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த மேற்கோள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியின் கணிதத் துறைக்கு உதவிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், துறை சாராத உறுப்பினராக அமர்ந்திருந்தேன். விண்ணப்பித்தவர்களுள் ஓர் இளைஞர் ஐந்தாண்டுகளில் நான்கு கட்டுரைகளே எழுதியிருந்தார். அவற்றை மேற்கோள் காட்டியவர்களும் மிகச் சிலரே. இன்னொருவரின் பட்டியல் பல பக்கங்கள் நீண்டது. நாங்கள் எவருடைய கட்டுரையையும் படிக்கவில்லை. மதிப்பெண்களைக் கூட்டினோம், இளைஞரை அனுப்பிவிட்டோம். எண்களோடு வாழ்நாளைக் கழித்த பொருளியல் ஆசிரியனான நானும் கையொப்பமிட்டேன்.

நரசிம்மன் - சேஷாத்ரி தேற்றத்தின் வரலாற்றை அறிந்தபோது அந்தக் கையொப்பம் என்னை உறுத்தத் தொடங்கியது.

எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி இருவரும் 1932-இல் தமிழகத்தில் பிறந்தவர்கள். சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் கணிதம் பயின்றவர்கள். 1953-இல் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தனர். 1965-இல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் இருவரும் இணைந்து எழுதிய கட்டுரை வெளியானது.

அது கூறுவதென்ன? உளுந்து வடையின் மேற்பரப்பை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் துளை வழியாகச் சென்று சுற்றிவரும் நூல் வளையத்தைப் பரப்பைவிட்டு விலகாமல் ஒரு புள்ளியாகச் சுருக்க முடியாது. பந்தின் மேல் இடும் வளையத்தைச் சுருக்கிவிடலாம். பரப்பை வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத இத்தகைய பண்புகளை ஆராய்வது இடவியல் எனப்படும் டோபாலஜி. அப்பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையன் வெளியைப் பொருத்தி, அவை ஒன்றோடொன்று இசையும் விதத்தைச் சமன்பாடுகளால் ஆராய்வது இயற்கணித வடிவியல். இப்படிப் பொருத்தப்பட்ட தொகுதிகளுள் சில, 'நிலையானவை' என்னும் சிறப்புத் தகுதி பெற்றவை. வளையங்கள் தரும் சுழற்சிகளின் கணக்கும் இந்த நிலையான தொகுதிகளின் கணக்கும் ஒரே பொருளின் இரு முகங்கள் என்று இருவரும் நிறுவினர். இரு துறைகளுக்கிடையே ஒரு பாலம் எழுந்தது.

அப்பாலத்தின் முழுப் பயன் மெதுவாகவே வெளிப்பட்டது. 1983-இல் அட்டியாவும் பாட்டும், இயற்பியலிலிருந்து வந்த யாங் - மில்ஸ் சமன்பாடுகளோடு இத்தேற்றத்தை இணைத்தனர். அதே ஆண்டில் சைமன் டொனால்ட்சன் இதற்குப் புதியதொரு நிறுவலைத் தந்தார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே இரு இந்தியர்களின் பெயர்களும் இடம்பெற்றன. உயர்பரிமாணங்களுக்கு இக்கருத்தை விரிவாக்கும் பணி அதன்பின் தொடர்ந்தது. 2006-இல் அறிவியலுக்கான மன்னர் ஃபைசல் பரிசை நரசிம்மனும் டொனால்ட்சனும் பகிர்ந்துகொண்டனர்.

இனி நமது அளவுகோலுக்கு வருவோம். ஓர் இதழின் 'தாக்கக் காரணி' என்பது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்ட கட்டுரைகள் நடப்பாண்டில் பெறும் மேற்கோள்களின் சராசரி. அதன்படி, 1965-இல் வந்த கட்டுரைக்கு 1966, 1967 ஆகிய ஆண்டுகளின் மேற்கோள்களே கணக்கில் சேரும். டொனால்ட்சனின் மேற்கோள் சேராது. கணிதத்தில் பெரும்பாலான மேற்கோள்கள் இவ்விரண்டாண்டு எல்லைக்கு வெளியேதான் விழுகின்றன. போதாக்குறைக்கு, ஒரு தேற்றம் பாடநூலுக்குள் நுழைந்துவிட்டால், பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் சொல்லிக் கடந்துவிடுவர்.

இதழ்களுக்கான இந்த அளவுகோலை நாம் மனிதர்கள்மீது வைத்துப் பார்க்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளும் இதழின் தாக்கக் காரணி உயர்வதற்கேற்ப ஆய்வு மதிப்பெண்ணை உயர்த்தின. ஓர் அளவீடு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை என்பது பொருளியலில் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. மேற்கோள்களைப் பரிமாறிக்கொள்ளும் குழுக்கள் பெருகியதே இதற்குச் சான்று. கணிதத்தில் எண்ணிக்கை எளிதில் திரிபடைகிறது என்பதால், மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களின் பட்டியலிலிருந்து கிளாரிவேட் நிறுவனம் 2023-இல் கணிதத் துறையையே நீக்கியது.

எண்களைக் கைவிட்டால் சிபாரிசு நுழைந்துவிடும் என்பர் சிலர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், எண்ணும் இப்போது விலைக்குக் கிடைக்கிறதே! விண்ணப்பதாரர் தம் சிறந்த மூன்று கட்டுரைகளை மட்டும் அளிக்கட்டும். வெளியிலுள்ள வல்லுநர் இருவர் அவற்றைப் படித்து, தம் கருத்தைப் பெயரிட்டு எழுதட்டும். பெயரிட்டு எழுதுபவருக்குப் பொறுப்பு இருக்கும். கூட்டுத்தொகைக்கு அது இல்லை.

நாங்கள் அனுப்பிவிட்ட இளைஞரின் நான்கு கட்டுரைகளும் சிறந்தவையா, சாதாரணமானவையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலாமலேயே தீர்ப்பளித்தோம் என்பதுதான் என் வருத்தம்.