படுக்க வைத்தால் மூச்சு முட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் குலை வெட்டுகிறவருக்கு இந்த நோய் வந்தால், கத்தரியை அழுத்த முடியாமல் போவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறியாக இருக்கும். பிறகு சட்டைப் பொத்தான் போட வராது. வலியும் இல்லை, மதமதப்பும் இல்லை. சதை மட்டும் வற்றும், தோலுக்கடியில் துடிக்கும். கழுத்தெலும்பு தேய்மானம் என்ற சந்தேகத்திலேயே சில மாதங்கள் ஓடிவிடுவதும் உண்டு. டாக்டர்கள் எம்.என்.டி. என்று சுருக்கிச் சொல்லும் இயக்க நரம்பணு நோய் இது. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இதில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எஸ். வகையில், அறிகுறி தொடங்கியதிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. ஸ்டீபன் ஹாக்கிங் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது அபூர்வம்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி.ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-ல் பதிவு செய்த ‘மெட்ராஸ் வகை’ இளவயதில் வரும்; காது மந்தமாகும்; ஆனால் மெதுவாகவே நகரும். எனவே வந்திருப்பது எந்த வகை என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த நோயாளிகளை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருபவை பெரும்பாலும் மூச்சுத் திணறல், புரையேறி வரும் நிமோனியா, கீழே விழுதல், வயிற்றில் பொருத்திய உணவூட்டும் குழாயில் அடைப்பு. இவற்றில் மூச்சுதான் ஏமாற்றும். உதரவிதானம் பலமிழந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் திணறல் கூடும். அவரை ஸ்ட்ரெச்சரில் நீட்டிப் படுக்க வைத்து, முகத்தில் ஆக்சிஜனை மட்டும் மாட்டினால் விரலில் உள்ள ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டும். ஆனால் காற்றை இழுத்துத் தள்ளத் தசைக்கு வலு இல்லை. கரியமில வாயு உள்ளேயே தேங்கி, நோயாளி மெல்ல மயக்கத்துக்குப் போவார். தூங்குகிறார் என்று கூட இருப்பவர்கள் நிம்மதியடைவதுதான் கொடுமை.

ஆக்சிஜன் கூடாது என்பதில்லை. நிமோனியாவில் அது தேவைப்படலாம். அதோடு சேர்த்து, மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் பைபாப் இயந்திரத்தால் மூச்சுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். தமனி ரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பதற்றத்தைத் தணிக்கிறோம் என்று தூக்க மருந்து கொடுப்பதிலும் மிகுந்த கவனம் தேவை. பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கக்கூடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நோயின் பெயர், மருந்துகள், வீட்டு பைபாபின் அளவுகள், ‘சாய்த்து உட்கார வையுங்கள்’ என்ற வரி, நரம்பியல் மருத்துவரின் எண் எல்லாம் எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கம்பத்திலிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 50 கி.மீ. மதுரை என்றால் தேனியைத் தாண்டி இன்னும் 75 கி.மீ. இவ்வளவு தூரத்தை நடுராத்திரியில் கடப்பதைவிட, முன்கூட்டியே வரும் சைகைகளைப் பிடிப்பது மேல். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிதல், தலையணைக்கு மேல் தலையணை கேட்பது, இருமலில் வலுவில்லாமை, தண்ணீர் குடித்தால் புரையேறுவது ஆகியவை தெரிந்தால் வெளிநோயாளிப் பிரிவுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. வயிற்றில் உணவூட்டும் குழாய் வைப்பதையும் மூச்சு ஓரளவு நன்றாக இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பிறகு அதுவே ஆபத்தான சிகிச்சையாகிவிடும்.

தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பதா என்ற கேள்வியும் அப்படித்தான். ஏ.எல்.எஸ். நோயாளி அதிலிருந்து மீண்டு வருவது கடினம். நோயாளிக்குப் பெரும்பாலும் அறிவு தெளிவாகவே இருக்கும் என்பதால் அவரையே கேட்கலாம், அவசரம் வருவதற்கு முன். அந்த முடிவை எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ உயிலை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும்.

வீட்டில் பைபாப் இருந்தால் அதற்கு இன்வெர்ட்டர் அவசியம். 108 ஆம்புலன்ஸில் ஏறும்போது இயந்திரத்தையும் முகத்துக்குப் பழகிய மாஸ்க்கையும் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். போகிற இடத்தில் வேறு மாஸ்க் பொருந்தும் என்று சொல்ல முடியாது.