தரமான சரக்கும் தோற்கும்: பீட்டாமெக்ஸ் சொல்லும் வியாபாரப் பாடம்

நல்ல சரக்கு தானாகவே விற்பனையாகும் என்பது நம் வியாபாரிகள் பலரின் நம்பிக்கை. வீடியோ பதிவுக் கருவியின் வரலாறோ வேறு கதை சொல்கிறது.

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் அம்பெக்ஸ் கம்பனி, நடைமுறைக்கு உகந்த முதலாவது வீடியோ பதிவுக் கருவியை அறிமுகம் செய்தது. நாடாவின் அகலம் 2 அங்குலம். விலை சுமார் 50,000 டொலர். தொலைக்காட்சி நிலையங்களே அதனை வாங்கக்கூடியதாக இருந்தது.

அதனை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக்கும் போட்டியில் ஜப்பானியக் கம்பனிகள் முந்திக்கொண்டன. 1975இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமெக்ஸ் வந்தது. கெசட் சிறியது, படமும் தெளிவானது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு கெசட்டில் ஒரு மணித்தியாலமே பதிவு செய்யலாம். அடுத்த ஆண்டு ஜே.வீ.சீ. நிறுவனம் வீ.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. கெசட் சற்றுப் பெரியதுதான்; ஆனால் இரண்டு மணித்தியாலம் ஓடியது. ஒரு முழுத் திரைப்படத்தை அதில் அடக்கலாம்.

இந்த இடத்தில்தான் வியாபாரத்தின் போக்கு மாறியது. அமெரிக்காவின் ஆர்.சீ.ஏ. நிறுவனம், தமது நாட்டு உதைபந்தாட்டப் போட்டியொன்றை முழுமையாகப் பதிவு செய்யக்கூடிய கருவியைத் தேடியது. அதற்குச் சுமார் மூன்று மணித்தியாலம் தேவை. சோனி இணங்கவில்லை. மட்சுஷிட்டா நிறுவனம் நான்கு மணித்தியாலம் பதிவாகும் வீ.எச்.எஸ். கருவியைச் செய்து கொடுத்தது. 1977இல் ஆர்.சீ.ஏ. அதனை 1,000 டொலருக்குச் சந்தைப்படுத்தியது. சோனியும் பதிவு நேரத்தை இரண்டு மணித்தியாலமாக நீட்டியிருந்தது. ஆனால் போட்டியாளர் அதற்கும் அப்பால் போய்விட்டார்.

அடுத்த காரணம் கூட்டாளிகள். சோனியின் பக்கம் தோஷிபா, சான்யோ போன்றவை நின்றன. ஜே.வீ.சீ.யின் பக்கம் மட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி எனப் பலர் திரண்டனர். பலர் உற்பத்தி செய்தபோது விலையில் போட்டி ஏற்பட்டது. பாவனையாளர் தொகையும் பெருகியது.

மீதியை முடித்து வைத்தவர்கள் சில்லறை வியாபாரிகளே. படங்களை வாடகைக்கு விடும் கடைக்காரர், கூடுதலானோரிடம் உள்ள கருவிக்கு ஏற்ற கெசட்டுகளையே அடுக்கினார். புதிதாகக் கருவி வாங்க வந்தவரோ, கடையில் எந்தக் கெசட் அதிகம் என்று பார்த்தே தீர்மானித்தார். இவ்வாறு பீட்டாமெக்ஸ் சிறிது சிறிதாக ஓரங்கட்டப்பட்டது.

1988இல் சோனி நிறுவனமே வீ.எச்.எஸ். கருவிகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2002இல் பீட்டாமெக்ஸ் கருவி உற்பத்தியையும், 2016 மார்ச்சில் அதன் கெசட் விநியோகத்தையும் நிறுத்தியது. வென்றவரின் ஆட்சியும் நிலைக்கவில்லை. 1996இல் வந்த டீ.வீ.டீ. தட்டு அதன் இடத்தைப் பிடித்தது. 2016 ஜூலையில் ஃபுனாய் நிறுவனம் வீ.எச்.எஸ். கருவி உற்பத்தியைக் கைவிட்டது.

புதிய சரக்கொன்றில் முதலிட முன்னர் அதன் தரத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். வாங்குபவர் அதை எதற்காகப் பாவிக்கப் போகிறார்? அதனோடு சேர்ந்து தேவைப்படும் பொருட்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றனவா? எத்தனை பேர் அதே ரகத்தை விற்கிறார்கள்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் பணத்தை இறக்குவதே புத்திசாலித்தனம். விற்காமல் களஞ்சியத்தில் தேங்கும் சரக்கு எவ்வளவு தரமானதாக இருந்தாலும், நட்டம் வியாபாரிக்கே.