மெர்செட் குதிரையின் மூளை

1930 கோடையில் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் குதிரைகள் தள்ளாட ஆரம்பித்தன. முதலில் காய்ச்சல் அடிக்கும், தீனியில் வாய் வைக்காது. அடுத்து தலை தொங்கிப்போகும். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். இல்லாவிட்டால் சுவரிலோ வேலியிலோ நெற்றியை அழுத்திக்கொண்டு நகராமல் நிற்கும். விழுந்துவிட்டால் பெரும்பாலும் எழுந்திருக்காது. படுத்த இடத்திலேயே ஓடுவதுபோல் கால்களை உதைத்துக்கொண்டே கிடக்கும். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாகச் சுமார் 6,000 குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இந்த நோயில் விழுந்தன. ஏறக்குறைய பாதி செத்தே போயின.

உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. டிராக்டர் வாங்க முடியாத குடியானவனுக்கு உழவும் பாரமும் குதிரையை நம்பித்தான். ஜோடியில் ஒன்று போனால் அந்தப் பருவமே போன மாதிரி.

ஊர்க்காரர்களுக்குத் தீனிமேல்தான் சந்தேகம். பூஞ்சணம் பிடித்த வைக்கோல், வயலோரத்து விஷச்செடி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்ற குதிரைக்கும் மூளையின் வெண்பகுதி கூழாகி, அதுவும் இப்படித்தான் சுற்றும், சுவரில் முட்டும். அந்த நஞ்சுக்கு ஃபியூமோனிசின் என்று பெயர். தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்தது 1988இல்தான். ஆனால் மக்காச்சோளத்தால் வருவது பெரும்பாலும் குளிர்காலத்து நோய். சான் வாக்கின் நோயோ கோடையில் கிளம்பியது. காலக்கணக்கே இடித்தது.

விசாரிக்கப் போனவர் கார்ல் மேயர். சுவிட்சர்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர். சான் பிரான்சிஸ்கோவில் ஹூப்பர் ஆய்வு நிலையத்தின் தலைவர். செத்த குதிரைகளின் மூளையைச் சோதித்ததில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நோய் முற்றிச் சாவதற்குள் கிருமி மூளையை விட்டு மறைந்துவிடுகிறதோ என்ற எண்ணம் அவருக்கு. அப்படியானால் நோய் கண்டு அதிக நாள் ஆகாத, உயிரோடிருக்கும் குதிரை வேண்டும். மெர்செட் பக்கம் ஒரு பண்ணையில் அப்படி ஒன்று இருந்தது. உரிமையாளர் முடியவே முடியாது என்றுவிட்டார். மேயர் அவர் மனைவியிடம் 20 டாலர் கொடுத்துப் பேசி முடித்தார். கணவர் தூங்கியதும் அந்த அம்மாள் சைகை காட்ட, குதிரையின் தலையை வெட்டி எடுத்து, இரவோடு இரவாக சான் பிரான்சிஸ்கோவுக்குக் காரில் கொண்டுபோனார்கள். மேயரே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

இந்தக் கதையைப் பலர் சாகசமாகச் சொல்வார்கள். கால்நடை மருத்துவராகவே வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த உரிமையாளரின் முகம்தான் முன்னால் வருகிறது. எங்கள் பக்கத்தில் வெறிநோய் என்று சந்தேகப்படும் மாடு செத்தால், உறுதி செய்ய மூளைதான் வேண்டும். தலையைக் கேட்டு நிற்கும்போது, "செத்தும் அவளை வெட்டணுமா டாக்டர்? அப்படியே புதைச்சிடறோம், விட்டுடுங்க" என்பார்கள். கையில் அதுவரை அதற்குத் தண்ணீர் காட்டிய வாளி இருக்கும். அந்த மாட்டின் பால் கறந்தவர், வாயில் கைவிட்டு மருந்து கொடுத்தவர் யார் யார் என்று கணக்கெடுத்து ஊசிக்கு அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். மேயர் செய்தது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. செய்யாதிருந்தால் விடை எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்கும் என்ற நினைப்பும் விடுவதில்லை.

அந்த மூளையை அரைத்து கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். அவையும் நோயில் விழுந்தன. பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியில் ஊற்றி, வடிந்த திரவத்தைச் செலுத்தினாலும் நோய் வந்தது. ஆக, வைரஸ். மேயரும் அவரோடு சேர்ந்து ஆய்ந்த ஹேரிங், பீட்ரிஸ் ஹோவிட் இருவரும் 1931இல் இதை அறிவித்தார்கள். மேற்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் என்று இன்று அதற்குப் பெயர்.

குதிரைக்கு அது எப்படி வந்தது? 1933இல் அமெரிக்க ராணுவக் கால்நடை மருத்துவர் கெல்சர், கொசு மூலம் இந்த நோய் பரவ முடியும் என்று சோதனையில் காட்டினார். வயல்வெளியில் எந்தக் கொசு என்பதற்கு 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஹூப்பர் நிலையத்தைச் சேர்ந்த ஹாமனும் ரீவ்ஸும் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் பிடித்த கியூலெக்ஸ் டார்சாலிஸ் கொசுக்களில் வைரஸ் இருந்தது. பாசன நீர் தேங்கும் குட்டைகளில் பெருகும் கொசு இது. குதிரைமசாலுக்கும் பருத்திக்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த பள்ளத்தாக்குகள் அதற்கு நல்ல இடம். கிருமியைச் சுமப்பவை பறவைகள். பெரும்பாலும் அவற்றுக்கு நோவு எதுவும் தெரியாது. பறவையைக் கடித்த கொசு குதிரையையும் கடிக்கும், மனிதனையும் கடிக்கும். குதிரையின் ரத்தத்தில் வைரஸ் சொற்பம் என்பதால், அதைக் கடிக்கும் கொசுவுக்குத் தொற்றுவது அரிது. அத்தனை பாடுபட்ட குதிரை யாருக்கும் நோயைப் பரப்பவில்லை.

மனிதர்களுக்கும் வரலாம் என்ற ஐயம் மேயருக்கு அப்போதே இருந்தது. குதிரைகளோடு புழங்கிய சிலருக்கு மூளைக்காய்ச்சல் கண்டதை 1932இல் எழுதினார். 1938இல் கலிபோர்னியாவில் இறந்த ஒரு குழந்தையின் மூளையிலிருந்து ஹோவிட் இதே வைரஸைப் பிரித்தெடுத்தார். 1941இல் கனடாவின் சமவெளி மாகாணங்களிலும் அவற்றை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களிலும் 3,000க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள்.

குதிரைக்குத் தடுப்பூசி வந்தது, காலப்போக்கில் குதிரைகளும் குறைந்தன. பல பத்தாண்டுகள் நோய் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. 2023 நவம்பரில் அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் மறுபடி கிளம்பியது. அப்போதும் முதலில் விழுந்தவை குதிரைகள்தான். மனிதர்கள் சில வாரங்கள் கழித்து. அர்ஜென்டினாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது, சிலர் இறந்தார்கள். அரசு குதிரைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. குதிரை வளர்ப்பவருக்கும் லாயத்தில் வேலை செய்பவருக்கும் போட, அனுமதி பெற்ற தடுப்பூசி இன்றுவரை எங்கும் இல்லை.