சிரிப்பு மறைத்த மீதிக் கதை

மேடையில் சிரிக்க வைப்பவர்கள் பலருக்குத் தங்கள் இளமைக்காலமே கைமுதல். ஒதுக்குப்புற ஊர், ஊரோடு ஒட்டாத வாழ்க்கை, பட்ட அவமானம் எல்லாம் சிரிப்பாகிவிடும். ஆனால், சிரித்தால் காயம் ஆறிவிடுமா?

ஹன்னா கேட்ஸ்பி, ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியா தீவில் ஸ்மித்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், தன்பாலீர்ப்பு கொண்டவர். ஆண்களின் ஓரினச்சேர்க்கை அங்கு 1997 வரை குற்றமாக இருந்தது. 2018இல் நெட்ஃபிலிக்ஸில் வெளியான 'நானெட்' நிகழ்ச்சியில், இளவயதில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தம்மை ஆண் என்று நினைத்து மிரட்டியதை முதலில் வேடிக்கையாகச் சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது. பின்னர்தான் மீதி வருகிறது: அவன் திரும்பி வந்து அடித்தான்.

நகைச்சுவைக்குத் தொடக்கமும் நடுவும் போதும். கதைக்கு முடிவும் வேண்டும் என்கிறார் அவர். முடிவை மறைத்த சிரிப்பு கேட்பவரின் இறுக்கத்தைத் தளர்த்தும். சொல்பவரின் காயத்தை ஆற்றாது.