நான்கு சில்லும் இழுக்கும் லொறி

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்தில் லொறிக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பழைய ஏட்டைப் பதிப்பிப்போர்க்கும் பழைய லொறியைப் புதுக்குவோர்க்கும் எழும் வினா ஒன்றே: இருந்தவாறே காப்பதா, இக்காலத்துக்கு ஏற்பத் திருத்துவதா? 1940 ஆம் ஆண்டுக்கும் 1960களின் இறுதிக்கும் இடையே அமெரிக்காவில் செய்யப்பட்ட நாற்சில்லு லொறிகளைத் தேடியெடுத்து, அக்கக்காகக் கழற்றி, மீளப் பூட்டி, வீதியில்லாத மலையிலும் மணலிலும் செலுத்துவோர் அந்நாட்டில் உளர். அவர்களிடையே இவ்வினா ஓயாத வழக்காக இருந்து வருகின்றது. அவ்வழக்கில் நாமும் ஒரு சொல் சொல்வதாயின் அவ்வண்டியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

சாதாரண லொறியிலே எஞ்சினின் வலு பின்சில்லுகளுக்கே செல்லும். முன்சில்லுகள் வெறுமனே உருண்டு வருவன. அவற்றையும் இழுக்கச் செய்தல் எளிதன்று. முன்சில்லு வண்டியைத் திருப்பவும் வேண்டும். ஆதலின் வலுவைக் கொண்டு செல்லும் தண்டு, சில்லோடு கூடத் திரும்பியவாறே சுழல வேண்டும். இச்சிக்கலை அவிழ்த்தோருள் குறிப்பிடத்தக்கவர், விஸ்கொன்சின் மாநிலத்துக் கிளின்ரன்வில் என்னும் சிற்றூரில் பட்டறை நடத்திய ஒற்றோ சாக்கோவும் அவர்தம் மைத்துனர் வில்லியம் பெசர்டிக்கும் ஆவர். 1908 இல் தம் இணைப்பு முறைக்கு ஆக்கவுரிமை பெற்றனர். அடுத்த ஆண்டே கம்பனியும் எழுந்தது. முதலாம் உலகப் போரில் அவர்கள் செய்த லொறிகள் பல்லாயிரம் ஐரோப்பியச் சேற்றில் உழைத்தன.

அடுத்த போருக்கு அமெரிக்கப் படை கேட்டது மிகச் சிறிய வண்டி ஒன்றை. பென்சில்வேனியாவில் பற்லர் என்னும் ஊரிலிருந்த பான்ரம் கம்பனி 1940 செப்டெம்பரில் முதல் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. எனினும் பெருந்தொகையாகச் செய்யும் வேலை வில்லிஸ், போர்ட் ஆகிய கம்பனிகளுக்கே போயிற்று. கண்டவன் ஒருவன், கொண்டவன் மற்றொருவன். போர் முடிவதற்குள் இவ்விரண்டும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. உலகம் ஜீப் என்று அழைத்த இதனைப் படையேடுகள் கால் தொன் லொறி என்றே குறித்தன. டொட்ஜ் கம்பனி இதற்குப் பெரிய லொறிகளைச் செய்தது. அவற்றின் வழிவந்ததே 1946 முதல் 1968 வரை அமெரிக்காவில் விற்கப்பட்ட பவர் வாகன். இருபத்திரண்டு ஆண்டுகளாக முகத்தோற்றம் ஏறத்தாழ மாறாத வண்டி அது.

இவ்வண்டிகளைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள எண்ணம், இவை மிக்க வலுவுடையன என்பது. அற்றன்று. ஜீப்பின் எஞ்சின் 60 பரிவலு. பவர் வாகன் முதலில் வந்தபோது அதன் வலு 94. இன்றைய சிறு கார்களுள் பல இதனை விஞ்சும். இவற்றின் பெருமை மெதுவாகச் செல்வதில் இருக்கின்றது. வழக்கமான கியர்ப்பெட்டியின் பின்னே, வலுவை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்துவிடும் இரண்டாம் பெட்டி ஒன்று உண்டு. அதிலுள்ள தாழ்ந்த கியரையும் சேர்த்துப் போட்டால், போர்க்கால ஜீப்பில் எஞ்சின் ஏறத்தாழ 25 முறை சுழலச் சில்லு ஒருமுறை சுழலும். பவர் வாகனில் அக்கணக்கு எழுபதுக்கும் மேலே போகும். எஞ்சின் உரத்து முழங்க, வண்டியோ நடந்து செல்லும் மனிதனுக்குப் பின்தங்கி வரும். அந்த மெதுவிலே பிறப்பதே பாறையை ஏறும் இழுவிசை.

இனி இதன் குறையையும் சொல்லவேண்டும். வளைவிலே வெளிச்சில்லு மிகுதியாகவும் உட்சில்லு குறைவாகவும் ஓடவேண்டுமாதலின், அச்சின் நடுவே டிபரென்ஷல் என்னும் பல்லிணைப்பு வைக்கப்பட்டுள்ளது. வீதியில் இது பேருதவி, சேற்றிலோ பெருந்துரோகி. ஒரு சில்லு பிடியிழந்து வழுக்கினால், மற்றச் சில்லுக்கும் அந்த வழுக்குஞ் சில்லு தாங்கும் அளவு விசையே கிட்டும். பள்ளம் ஒன்றைக் குறுக்காகக் கடக்கையில் முன்னே இடச்சில்லும் பின்னே வலச்சில்லும் அந்தரத்தில் தொங்குமாயின், நிலத்தில் ஊன்றிய இரண்டும் அசையாது நிற்க, தொங்கும் இரண்டுமே வீணே சுழலும். நான்கு சில்லும் இழுக்கும் என்ற பெயர், அவ்வேளையில் பெயரளவே. டிபரென்ஷலைப் பூட்டிவிடும் கருவியைப் பொருத்துவது இதற்கு மாற்று. பூட்டினால் இரு சில்லும் ஒன்றாகவே சுழலும். ஆனால் இறுகிய தரையில் வண்டி திரும்ப மறுக்கும், அச்சுத்தண்டும் முறியக்கூடும். ஆதலின் தொலைவு செல்வோர் மேலதிகத் தண்டு ஒன்றை உடன்கொண்டு போவர். உமணர் தம் உப்பு வண்டியிற் சேமவச்சுக் கட்டிச் சென்றமையைச் சங்கச் செய்யுள் பயின்ற மாணவர் இவ்விடத்தே நினைவர்.

புதுக்குவோரின் வழக்குக்கு வருவோம். ஒரு சாரார், ஆணியும் வர்ணமும் பழைய ஏற்பாட்டின்படியே அமையவேண்டும் என்பர். மறுசாரார், தகட்டுடலை மட்டும் வைத்துக்கொண்டு புதிய டீசல் எஞ்சின், புதிய அச்சு, புதிய கியர்ப்பெட்டி யாவும் பூட்டுவர். முன்னவர் வண்டி பெரும்பாலும் காட்சிக்கூடத்தில் நிற்கும். பின்னவர் வண்டி பழைய சட்டை போர்த்த புதுவண்டி. நூலின் பெயரை வைத்துக்கொண்டு பாட்டையெல்லாம் தாமே எழுதிய பதிப்பாசிரியரை எமக்கு நினைவூட்டுவது. அன்றியும், மும்மடங்கு வலுவுள்ள எஞ்சினைப் பழைய தண்டோடு பூட்டினால் தண்டு முறியும். தண்டை மாற்றினால் அச்சு முறியும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக முழுவதையும் மாற்றியே தீரவேண்டிவரும்.

ஆயினும் ஒரு பகுதியில் யாம் திருத்துவோர் பக்கமே நிற்போம். அது பிறேக். அக்கால லொறிகளில் நான்கு சில்லின் பிறேக்குக்கும் எண்ணெயை அனுப்புவது ஒரே குழாய்த் தொடர். எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருங்கே செயலிழக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்தல் பிற்காலத்து ஏற்பாடு. செங்குத்தான மலையில் இறங்குவோன் உயிரினும் பழமை பெரிதன்று. இருக்கைப் பட்டியும், கூரையில்லா ஜீப்பில் தலைக்கு மேல் வளையும் இரும்புக் குழாய்ச் சட்டமும் அத்தகையனவே. இவற்றைச் சேர்த்துவிட்டு எஞ்சினையும் கியரையும் பழையபடி விடுபவரே எம் மதிப்பிற் சிறந்த பதிப்பாளர்.

செலுத்துவதிலும் கற்கவேண்டியன பல. ரயரின் காற்றைக் குறைத்தால் அது பாறைமேல் அகன்று பற்றும். குத்துக்கல்லை இரு சில்லுகளுக்கும் நடுவே விட்டால் டிபரென்ஷலின் வயிறு கிழியும். சில்லை அதன்மேல் ஏற்றுதலே முறை. இறக்கத்தில் பிறேக்கை நம்பாது தாழ்ந்த கியரையே நம்பவேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்ப முயலலாகாது, திருப்பினாற் புரளும். பின்னோக்கு கியரைப் போட்டு நேரே கீழிறங்குதலே வழி. இன்னொன்று: பழைய ஜீப்பின் சுக்கானைப் பிடிக்கும்போது பெருவிரலை வளையத்தின் உள்ளே மடக்கக்கூடாது. முன்சில்லு கல்லில் இடறினால் சுக்கான் சடுதியாகச் சுழன்று விரலை முறித்துவிடும். இதனை முதலிலேயே சொல்லித்தரும் ஆசிரியர் வாய்த்தவன் பேறுடையவன்.

கலிபோர்னியாவின் றூபிக்கன் பாறைத்தடத்தில் 1953 ஆம் ஆண்டு ஜீப் வண்டிகளின் கூட்டுப் பயணம் தொடங்கியது. யூற்றா மாநிலத்து மோவாப் என்னும் ஊரில் 1967 முதல் உயிர்த்த ஞாயிற்றை ஒட்டி அத்தகைய விழா நடைபெறுகின்றது. அவ்வூரை அடுத்த செம்பாறை நாட்டில் 1952 இல் சார்ல்ஸ் ஸ்ரீன் என்பவர் பெரும் யுரேனியப் படிவைக் கண்டார். அதன்பின் அங்கே குவிந்தோர் வெட்டிய தடங்கள் பலவே இன்று இவ்வண்டிகள் ஏறும் வழிகள். அத்தடத்தை விட்டு விலகலாகாது. அங்கே மணலின்மேற் கருமையாகப் படர்ந்திருப்பது அழுக்கன்று. நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து நெய்த உயிருள்ள தோல். காற்றும் மழையும் மண்ணைக் கொண்டு போகாமற் காப்பது அது. ஒரு சில்லுத்தடம் அதனை நொறுக்கினால் மீள வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். வீதியை விட்டு நீங்குதல் என்பதற்கு விரும்பியவாறெல்லாம் ஓடுதல் எனப் பொருள் கொள்வோர், தம் பேரர் காணவேண்டிய நிலத்தையே அழிப்போராவர். இவர்களால் தடங்கள் மூடப்படுமாயின், ஒழுங்காக ஓட்டுவோரும் அவர்களோடு இழப்பர்.

சேற்றிற் புதைந்த வண்டியை மீட்க, முன்னே வின்ச் என்னும் இழுவைச் சகடை உண்டு. பவர் வாகனில் அதனையும் எஞ்சினே சுழற்றும். கம்பி வடத்தை மரத்திற் கட்டும்போது பட்டை அறுபடாதவாறு அகன்ற நாடாவைச் சுற்றவேண்டும். வடம் இறுகும்போது அருகில் எவரும் நிற்கலாகாது. அறுந்தால் அது வாளாகும். வடத்தின்மேற் கனத்த துணியொன்றைப் போட்டுவைத்தால் அறுந்தவிடத்து வேகம் அடங்கும்.

ஆற்றைக் கடந்து வந்த நாளின் மாலையில் வண்டிக்காரர் முதலிற் செய்வது அச்சின் அடியாணியைச் சற்றே தளர்த்துவது. எண்ணெயினும் தண்ணீர் பாரமாதலின், புகுந்திருந்தால் முதலில் ஒழுகுவது தண்ணீரே. எண்ணெய் பால்போல் வெளிறியிருந்தால் முழுவதையும் வடித்துப் புதிது நிரப்பிய பின்னரே சாப்பிடப் போவார்கள்.