தந்தைக்கு வாய்க்காத களம்

உதைபந்தாட்டம் நம் புத்தளக் கரையோரத்துக்குப் புதியதன்று. கல்லூரி மைதானத்தில் அன்று ஆடிய பழைய மாணவர் பலர், இன்று தம் மைந்தர் ஆடுவதை ஓரத்தில் நின்று காணும் தந்தையர். அவர்தம் பெருமிதம் எதில் நிறைவு பெறும் என்பதைக் கானா நாட்டு வீரர் அபேதி பேலேயின் வரலாறு விளக்கும்.

1982 இல் ஆபிரிக்கக் கிண்ணம் வென்ற கானா அணியில் அவர் பதினேழு வயது இளைஞர். 1993 இல் பிரான்சின் மார்செய்க் கழகம் ஐரோப்பிய சாம்பியன் கிண்ணத்தை வென்றபோது, வெற்றிக் கோலுக்கு வழிவகுத்த மூலையுதை அவருடையதே. எனினும் உலகக் கிண்ணக் களம் அவருக்கு வாய்க்கவில்லை. கானா முதன்முறை அங்கு ஆடியது 2006 இலேயே. அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

2010 இல் அவர்தம் மைந்தர் இப்ராஹிமும் அன்ட்ரேயும் உலகக் கிண்ண அணியில் இடம்பெற்றனர். கானா காலிறுதி கண்டது. 2014 இல் அன்ட்ரேயுடன் இளையவர் ஜோர்தானும் சென்றார்; அன்ட்ரே இரு கோல்கள் போட்டார். 2022 இல் அணித்தலைவராக நின்ற அவரே, உருகுவேக்கு எதிரான தண்ட உதையைத் தவறவிட்டார், கானா தோற்றது.

கிண்ணம் வராவிடினும், தந்தை மிதியாத களத்தை மைந்தர் மிதித்தனர். பெருமை அதுவே. ஆதலின், பரீட்சையைக் காட்டி மாலை விளையாட்டை மறிக்கும் நம்மவர், மைந்தரிடம் வெற்றியைக் கேட்குமுன் களத்துக்கு வழி விடுவாராக.