கடற்கரையில் ரெண்டு நாள்... வயிறு பத்திரம்!

முழுப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் எழும் முதல் கேள்வி, ‘அப்பா, மகாபலிபுரத்துல ரூம் போட்டு ரெண்டு நாள் தங்கலாமா?’ என்பதுதான். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால், திங்கட்கிழமை காலையில் எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிலும் இப்படிப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். ‘கடல் காத்து ஒத்துக்கலை டாக்டர்’ என்பார்கள். பாவம், காற்று! விசாரித்தால், குற்றவாளி பெரும்பாலும் தட்டிலோ டம்ளரிலோ இருக்கும்.

மீன் எப்போது வந்தது?

கடலோரத்தில் மீன் அன்றைக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். கோடை லீவில் அதை நம்ப முடியாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017-ல் 61 நாட்களானது. சரியாக உங்கள் பிள்ளைகளின் லீவு சமயம்! அப்போது கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டுவருவது கொஞ்சம் மீன்தான். மீதி வெளியூரிலிருந்து ஐஸில் வரும். ஒழுங்காக ஐஸில் வைத்த மீனால் கெடுதல் இல்லை. வழியில் ஐஸ் உருகி, மறுபடி ஐஸ் போட்ட மீன்தான் வம்பு.

முக்கியமாகக் கானாங்கெளுத்தி, சூரை, மத்தி. இவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று நாமே முடிவு கட்டிவிடுவோம்!

அதனால் கூச்சப்படாமல், ‘இன்னைக்குக் காலையில என்ன மீன் வந்தது?’ என்று கேளுங்கள். சமைக்கும் முன் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்தபடியே நிற்கக் கூடாது.

சைவமா?

அசைவத்துக்கு மட்டும்தான் இந்த பயம் என்று நினைக்காதீர்கள். பஃபேயில் வெகுநேரம் திறந்து கிடக்கும் தேங்காய்ச் சட்னியும் அதே வேலையைச் செய்யும். ஆவி பறக்கும் இட்லி, பொங்கல், அப்போது வார்த்த தோசை, இவை போதும். குடிக்கவும் பல் தேய்க்கவும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கடலோர ஜூஸ் கடைகளில் ‘ஐஸ் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மோரில் நிறைய நீர் சேர் என்று தேரையர் சொன்னது கடற்கரைக்கும் பொருந்தும். மோரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேரட்டும்.

ரூம்

கோடையில் நம் கரையில் கடல் காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் கிளம்பும். அதற்கு முன் வெயிலும் புழுக்கமும்தான். அதனால் மணலில் விளையாட்டு காலை 9 மணிக்குள், இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல். குளித்த ஈரத் தலையோடு ஏ.சி.யின் கீழே படுக்காதீர்கள். ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா என்று ரூம் போடும்போதே கேளுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்றும் கேட்டு வையுங்கள்.

பேதியானால்...

பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வையுங்கள். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி அளந்து, கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெரியவர்களுக்கு வெறும் வயிற்றுப் பொருமல் என்றால் ஓம நீர் போதும்.

நான் சித்த வைத்தியன்தான். இருந்தாலும் சொல்கிறேன்: குழந்தை துவண்டு கிடந்தால், கண் உள்ளே போயிருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் கண்டால், கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மீன் சாப்பிட்ட பிறகு மூச்சுத் திணறினாலும் அப்படியே. ‘நாளைக்குக் காலையில மெட்ராஸ் போய் நம்ம டாக்டரைப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடவே கூடாது. ரூம் வாடகை போனால் போகட்டும்!